நாலடி மூன்றங்குலம்

சித்தூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மெட்ராஸ்லேந்தாம்மா? அங்க எங்களப் பத்தி இன்னா பேசிக்கிறாங்கோ?" என்பதுதான்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்ற பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை. காட்பாடியில் ரயில் ஏறியதிலிருந்து அதே பேச்சு. எதிர் பெஞ்சில் இரண்டு பேர் திருத்தணிக்காகத் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிச் சண்டை போட்டார்கள். சண்டைக்கு நடுவே ஒருவர் உரித்த வேர்க்கடலையை மற்றவர் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

நான் அந்த விஷயமாக வரவில்லை, ஓடுகிற பெண்களைப் படம் வரைய வந்திருக்கிறேன் என்று பெரியவரிடம் சொன்னேன். "ஓடறவங்கள எப்பிடிம்மா எழுதறது? அவங்க நிக்கணுமே" என்றார்.

என் கஷ்டமும் அதேதான். சென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். பள்ளிக்குப் புதிதாக உடற்பயிற்சிக் கூடம் கட்டினார்கள். அதன் நீளச் சுவர் முழுவதும் ஓடுகிற, தாண்டுகிற, எறிகிற பெண்களை எழுதும்படி தலைமையாசிரியை சொன்னபோது, என்னைவிட இதற்குத் தகுந்தவள் யார் என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரியில் தடை ஓட்டம் ஓடியவள். பிறகு ஓவியம் முறையாகப் படித்தவள். மூன்று மாதம் வரைந்தேன். ஒவ்வொரு தாளிலும் ஒரு பெண் ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றாள். உடம்பின் அளவு சரி, தசை சரி, நிழல் சரி. ஒருத்தியும் ஓடவில்லை.

கல்லூரியில் என்னோடு ஓடிய ராஜேஸ்வரி இப்போது சித்தூரில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியொன்றில் டிரில் டீச்சர். திருப்பதியில் ராயலசீமைப் பெண்களுக்குப் போட்டி நடக்கப்போகிறது, முன்னாலேயே வந்து எங்கள் பெண்கள் பழகுவதைப் பார் என்று எழுதியிருந்தாள். அதனால்தான் வந்தேன்.

அன்று இரவு அவள் வீட்டில் ராகி சங்கட்டி. எங்கள் பக்கத்துக் களி போலத்தான், ஆனால் பந்து பந்தாக உருட்டி, நடுவில் குழி செய்து நெய் விட்டுத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னியும் புளிச்ச கீரையும். நான் மென்று சாப்பிடுவதைப் பார்த்து ராஜேஸ்வரி சிரித்தாள். "பல்லுல ஒட்டும்டி கௌரி. மெல்லாம முழுங்கு." அப்படியே விழுங்கினேன். நெஞ்சை அடைத்தது. இரண்டாவது உருண்டையில் பழகிவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானம். செம்மண் தரை, ஓரத்தில் புளியமரங்கள், ஒரு மூலையில் மணல் குழி. பன்னிரண்டு பெண்கள் வெள்ளைப் பைஜாமாவும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே மாட்டை ஓட்டிக்கொண்டு போன இருவர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இந்த அம்மா யாரு, போலீஸா? எல்லாத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறாளே" என்று ஒருவர் தெலுங்கில் கேட்டது என் காதில் விழுந்தது.

உயரம் தாண்டுகிற பெண்தான் என் கண்ணை இழுத்தாள். பெயர் தேசம்மா. பத்தொன்பது வயது, நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பெண். குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை. இடப்பக்கமிருந்து சாய்வாக ஓடிவந்து, கத்தரி விரிந்து மூடுகிற மாதிரி ஒரு காலும் அதன் பின் மற்றொரு காலுமாக மூங்கில் கழியைத் தாண்டுவாள். தாண்டிய பிறகு கழியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தான் ஓடிவந்த தடத்தைப் போய்க் குனிந்து பார்ப்பாள்.

காலை முழுவதும் அவளையே வரைந்தேன். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அவள் வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தாள்களைப் புரட்டினாள்.

"எல்லாப் படத்துலயும் ஆகாசத்துலயே கீறேன்" என்றாள்.

"உயரம் தாண்டுவதை வேறு எப்படி வரைவது?"

"ஆகாசத்துல நான் ஒண்ணும் பண்ண மாட்டேன் டீச்சர். கல்லு கணக்கா போய்க்கினுகிறேன், அவ்ளோதான். குதிக்கிறதெல்லாம் தரையிலதான். கடைசி மூணு அடி. அதுல ஒண்ணு கூட நீங்க எழுதலியே."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பிறகு தாள்களைத் திரும்பப் பார்த்தேன். நாற்பது படம். ஒன்றில்கூடத் தரை இல்லை. நானும் ஓடியவள்தான். தடையைத் தாண்டுவதெல்லாம் தடைக்கு முன்னால் வைக்கிற அடியில் இருக்கிறது என்று என் காலுக்கு ஒரு காலத்தில் தெரியும். பென்சிலை எடுத்ததும் அதை மறந்துபோயிருக்கிறேன்.

"ஒரு தபா தாண்டிப் பாருங்க. தெரிஞ்சிடும்" என்றாள் தேசம்மா.

நல்ல புத்தி இருந்திருந்தால் மறுத்திருப்பேன். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டேன். கழியை இடுப்புக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். ஓடினேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று அடிகளை எண்ணினேன். கடைசி அடி தரையை அழுத்தியபோது கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏதோ ஒன்று ஏறிக்கொண்டே போனது. பதினைந்து வருஷமாக அதை நான் உணரவில்லை. கழியைத் தாண்டிவிட்டேன். குழியைத்தான் தாண்டியிருக்கக் கூடாது. மணலுக்கு அப்பால் கட்டியிருந்த செங்கல் விளிம்பில் வலது கையை ஊன்றி விழுந்தேன்.

மணிக்கட்டு வேறு யாருடையதோ போலத் திரும்பியிருந்தது.

ராஜேஸ்வரி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியா, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற புத்தூரா என்று பேச்சு எழுந்தது. வேலிக்கு வெளியே இருந்தவர்கள்கூட உள்ளே வந்து யோசனை சொன்னார்கள். ஒருவர் தன் முழங்கையை மடக்கி நீட்டிக் காட்டினார். புத்தூர்க் கட்டு என்றார். இன்னொருவர் தன் மருமகன் காலைச் சொன்னார். எனக்கு வலியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. வலது கை போனால் டிராயிங் டீச்சருக்கு என்ன இருக்கிறது? புத்தூருக்கே போகிறேன் என்றேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. புத்தூருக்கு அடுத்த பஸ் மறுநாள் விடியற்காலைதான். அதே நாள் ராஜேஸ்வரி பெண்களை அழைத்துக்கொண்டு ரயிலில் திருப்பதி போக வேண்டும். அதற்கடுத்த நாள் காலையில் போட்டி. என்னைத் தனியாக அனுப்பவும் அவளுக்கு மனமில்லை. தேசம்மா முன்னால் வந்தாள்.

"நான்தான தாண்டச் சொன்னேன். நானே இட்டுக்கினு போறேன். புத்தூர்லேந்து பஸ்ஸுல சாயந்திரமே திருப்பதி வந்துடுவேன் டீச்சர்."

ராஜேஸ்வரி அவள் காலைப் பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு பேரில் பரிசு வாங்கக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்று முந்தின இரவே என்னிடம் சொல்லியிருந்தாள். "வந்துடணும்" என்றாள் கடைசியில்.

மறுநாள் சித்தூரிலிருந்து புத்தூர் வரைக்கும் பஸ் குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலும் எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்லி வாசகரைக் குலுக்க மாட்டேன். தேசம்மா என் வலக்கையைத் தன் மடியில் ஒரு தலையணைமேல் வைத்து, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அது அசையாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஜன்னல் வழியே முன்சாலையைப் பார்த்துப் பள்ளம் வருமுன்பே தூக்கினாள். ஒருமுறைகூடத் தவறவில்லை.

புத்தூரில் கட்டுப் போடுகிற இடம் நீண்ட கீற்றுக் கொட்டகை. காலை ஒன்பது மணிக்கே அறுபது எழுபது பேர் இருந்தார்கள். மாட்டுவண்டியிலேயே படுத்திருந்தவர்கள் தனி. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அவரவர் சீட்டை அவரவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே உட்கார்ந்ததும், "எப்பிடி விழுந்தே?" என்று கேட்கிறார்கள். அதுதான் இங்கே வணக்கம். ஒருவர் பனைமரம். ஒருவர் கிணறு. சடுகுடு ஆடி முழங்கால் திரும்பிய ஒரு வாலிபர், எதிரணிக்காரன் தன்னைப் பிடித்த விதத்தை அத்தனை பாராட்டிச் சொன்னார். கட்டு அவருக்கா எதிரணிக்காரனுக்கா என்று சந்தேகம் வந்துவிடும். என் முறை வந்தது.

"உயரம் தாண்டினேன்" என்றேன்.

காலில் கட்டோடு இருந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாத்துக்கு? மாடு தொரத்திச்சா?" என்று கேட்டாள். தேசம்மா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனாள்.

கட்டுப் போடுகிறவருக்கு நாற்பது வயது இருக்கலாம். தெலுங்கில்தான் பேசினார். என் மணிக்கட்டை விரல் நுனிகளால் தடவினார். கண் அதன்மேல் இல்லை. வெளியே யாரிடமோ மாங்காய் விலை பேசிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தக் கையால் என்ன வேலை செய்கிறாய்?" என்றார்.

"படம் வரைகிறேன்."

"அப்படியானால் இதைக் காலாக ஏன் உபயோகித்தாய்?"

பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஓர் இழுப்பு. கண்ணில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பறந்தது. அதற்குள் எலும்பு தன் இடத்துக்குப் போய்விட்டது. பச்சிலை அரைத்த விழுது, முட்டை, துணி, மேலே மூங்கில் பத்தைகள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் இடத்தில்கூடத் துணியைப் பிரித்து மறுபடி சுற்றவில்லை. நான் ஒரு கோட்டை நாலு தடவை அழித்துப் போடுகிறவள். ரப்பர் இல்லாமல் என்னால் ஒரு நாள் ஓட்ட முடியாது. ஓடுகிறவளுக்கு ரப்பர் ஏது? தப்பாக வைத்த அடி வைத்ததுதான். கொட்டகையைவிட்டு வரும்போது என் தலையில் இது ஒன்றே ஓடியது.

ஆனால் மணி மூன்றாகியிருந்தது. திருப்பதி பஸ் கிடைக்க நாலரை. வடமாலப்பேட்டை தாண்டிச் சிறிது தூரம் போனதும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் படுத்தார். கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். "அச்சு போயிடுச்சி. இனி நாளைக்குத்தான்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கைக்காக அல்ல. "உன் போட்டியை நான் கெடுத்துவிட்டேன்" என்று அவளிடம் சொன்னேன்.

"வாங்க டீச்சர், நடக்கலாம். வண்டி எதுனா வரும். வராங்காட்டி ரேணிகுண்டா போய்ச் சேந்துடலாம்."

"நாளைக்குத் தாண்ட வேண்டிய கால். இன்றைக்கு நடக்கக் கூடாது."

"நின்னாத்தான் காலு நோவும்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள், நடுவில் சாலை. அவள் முன்னால், நான் பின்னால். கழுத்தில் தூளி கட்டித் தொங்கிய கையோடு நடப்பது எளிதாக இல்லை. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் காலைப் பார்த்து அதே தாளத்தில் அடி வைத்தபோது சரியாயிற்று. குதிகால் தொட்டு, பாதம் உருண்டு, கட்டைவிரல் தரையைத் தள்ளுவது வரை ஒரே கோடு. அந்தக் கோட்டை ஓவியப் படிப்பில் எத்தனை தடவை போட்டிருப்பேன். வெண்கல விளக்கின் கழுத்து, அன்னத்தின் முதுகு என்று போட்டேன். அது ஒரு காலின் வேலை என்று தெரியாமல் போட்டேன். இடது கை என்னையறியாமல் காற்றில் அதைப் போட்டுக்கொண்டே வந்தது. எதிரே ஆட்டை ஓட்டிவந்த கிழவர் என்னைப் பார்த்து ஒதுங்கி நடந்தார்.

மூன்று மைல் நடந்திருப்போம். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில் திருப்பதியில் பெண்கள் தங்கியிருந்த சத்திரத்து வாசலில் எங்களை இறக்கிவிட்டது. ராஜேஸ்வரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தேசம்மாவை உட்காரவைத்து, வெந்நீரும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து, தானே அவள் காலைப் பிடித்துவிட்டாள். சத்திரத்துச் சமையற்காரர், திருமலைக் கோயில் கைங்கரியத்துக் குடும்பத்தவர், எங்களுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் போட்டார். "நாளைக்கு மலைக்குப் போறேளோ?" என்று கேட்டார். போட்டிக்குப் போகிறோம் என்றேன். "திருப்பதி வந்துட்டு மலை ஏறாம போறவா உண்டோ?" என்றார் வருத்தத்தோடு. உண்டு. நான் ஒருத்தி.

மறுநாள் காலை மைதானத்திலிருந்து மலை சுவர்போலத் தெரிந்தது. பெயர் எழுதுகிற குமாஸ்தா ஒவ்வொரு பெண்ணாகக் கேட்டு எழுதினார். தேசம்மா ஊரைச் சொன்னதும் பேனாவை நிறுத்தினார். "நீங்கள் எங்களோடு இருக்கப் போகிறீர்களா, மெட்ராசுக்குப் போய்விடுவீர்களா? பதிவேட்டில் எப்படி எழுதுவது?" என்று தெலுங்கில் கேட்டார்.

"போட்டி முடியற வரைக்கும் இங்கதாங்க இருப்பேன்" என்று அவளும் தெலுங்கிலேயே சொன்னாள். குமாஸ்தா சிரித்து எழுதிக்கொண்டார்.

நான் மணல் குழிக்குப் பக்கவாட்டில், அவள் ஓடிவரும் தடத்தின் அருகே தரையில் உட்கார்ந்தேன். தாளைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தேன். இடது கையில் கரித்துண்டு. அந்தக் கைக்கு எழுத்தே தெரியாது. விரல் சொன்னபடி கேட்காததால் தோளிலிருந்து முழுக் கையையும் வீச வேண்டியிருந்தது. முதல் பத்துத் தாள் கிறுக்கல். அழிக்கவும் முடியாது, இன்னொரு கை இல்லையே. பதினோராவது தாளில் ஒரு பாதம் தரையில் இறங்கியது. இறங்கி அழுத்தியது.

மூன்றடி பத்தங்குலத்தில் பாதிப் பெண்கள் விழுந்தார்கள். நாலடியில் இன்னும் சிலர். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். தேசம்மாவும், அனந்தப்பூரிலிருந்து வந்த ஒல்லியான ஒரு பெண்ணும். நாலடி மூன்றங்குலத்துக்குக் கழி ஏறியது. ஒல்லிப் பெண் முதல் தடவையிலேயே தாண்டினாள். தேசம்மா தட்டினாள். இரண்டாம் தடவையும் தட்டினாள். திரும்பி நடந்தபோது கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அந்த மூன்று மைலும் என் கண்முன் வந்தன.

மூன்றாம் தடவைக்கு முன் அவள் தன் தடத்தில் குனிந்து நடந்து, ஓர் இடத்தில் கட்டைவிரலால் மண்ணைக் கீறினாள். பின்னால் போய் நின்றாள். ஓடிவந்தாள். மூன்று, இரண்டு. கடைசி அடியை மற்ற அடிகளைவிடக் குறுக்கி, கீறிய இடத்தில் வைத்தாள். நான் வரையவில்லை. என் இடது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தவள் எப்போது முழங்காலிட்டேன் என்று தெரியாது. கழி நடுங்கியது. விழவில்லை.

நாலடி ஐந்தில் ஒல்லிப் பெண் தாண்டிவிட்டாள். தேசம்மாவால் முடியவில்லை. இரண்டாம் பரிசு.

கூட்டம் கலைந்தபின் அவளிடம் போனேன். "நேற்று உன்னை நடக்க வைத்தேன். இல்லாவிட்டால் ஜெயித்திருப்பாய்" என்றேன்.

"அதெல்லாம் இல்ல டீச்சர்." துண்டால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க அந்தப் பொண்ணப் பாக்கலியா? கடைசி அடிய எவ்ளோ சின்னதா வெக்கிது. சத்தமே இல்ல. நான் இன்னும் ரெண்டு வருசம் பழகினாத்தான் அப்பிடி வரும்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தோற்ற களையே இல்லை. நல்ல கோட்டை முதல்முதலாகப் பார்த்த ஒரு மாணவியின் முகம் அது. போய் அந்த ஒல்லிப் பெண்ணின் தடத்தைக் கூடக் குனிந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து, என் காலில் இன்னும் மிச்சமிருந்த அந்த மூன்றாம் தடவையை வரைந்தேன். கண்ணால் பார்த்ததை வைத்து வரையவில்லை. கரி தாளைக் கிழித்துவிடும்போல ஓடியது. இரண்டு பாதங்கள், ஒரு கெண்டைக்கால், மண்ணில் ஒரு கீறல், இடுப்பு வரை எழுந்து அங்கேயே நின்றுவிட்ட கோடு. தாள் அதற்குமேல் இல்லை. சென்னைச் சுவரில் எழுத வேண்டியது எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாலையில் தேசம்மா ஊருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். நகரி பஸ்ஸில் ஏற்றிவிட நானும் ராஜேஸ்வரியும் போனோம். பஸ் புறப்பட நேரமிருந்தது.

"டீச்சர், எனக்கு ஒரு படம் தருவீங்களா? எங்க நைனாவுக்குக் காட்டணும். நான் தாண்டி அவர் பாத்ததே இல்ல. பொம்பளப் புள்ளைங்க குதிக்கிற எடத்துக்கு வரமாட்டேன்னுவாரு. போவாதேன்னும் சொன்னதில்ல."

சித்தூரில் வலது கையால் வரைந்த நாற்பதையும் எடுத்து நீட்டினேன். முகம் அச்சாக அவள் முகம், எதைக் கொடுத்தாலும் அவள் தகப்பனார் மகிழ்வார் என்று நினைத்தேன். அவள் அவற்றைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தாள். அடியிலிருந்த கரித் தாளை உருவினாள்.

"அதில் முகமே இல்லையேடி" என்றாள் ராஜேஸ்வரி.

"மூஞ்சி எங்க நைனாவுக்குத் தெரியும் டீச்சர். இதுதான் தெரியாது."

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் தாளை நாலாக மடித்தாள். கரிப் படத்தை மடிக்கக் கூடாது என்று என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கரி விரலெல்லாம் ஒட்ட அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, ஓடத் தொடங்கியிருந்த பஸ்ஸின் படியில் ஒரே எட்டில் ஏறினாள்.